முப்பது வரை

ருமைதியா ஜமியாவின் மாடியில்
செவ்வாய்தோறும் ஏதாவது ஒன்று நடக்கும்.
போன வாரம் பேரீச்சம்பழக் கேக்.
அதற்கு முன்பு சர்க்கரை நோய், இலவசமாக விரல் குத்தினார்கள்.
அதற்கும் முன்பு பிள்ளைகள் விதை நட்டார்கள்:
என் ஷெல்ஃபிலிருந்துதான் போயின
நாற்பது தயிர்க் கப்புகள்.

என் வேலை நாற்காலி போடுவது,
முடிந்ததும் அடுக்குவது.
இடையில் நடப்பது எனக்குத் தெரியாது.

இந்தச் செவ்வாய் வெளியே புழுதிக்காற்று.
போட்ட முப்பத்தாறில் ஏழுதான் நிறைந்தது.
அனூத் மேடம் படியிறங்கி வந்து
காய்கறிப் பக்கம் நின்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.
போட்டோவுக்கு ஆள் வேண்டுமாம்.
வெங்காயம் கொட்டிக்கொண்டிருந்த நான்,
மீன் வெட்டும் ஷஃபிகுல்,
தள்ளுவண்டி இழுக்கும் இரண்டு பேர்.
ஏப்ரனைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினோம்.
மீன் வாடையைக் கழற்ற முடியவில்லை.

போட்டோ முடிந்து எழுந்தவர்களை
உட்காருங்கள் என்றார் நர்ஸ்.
மரிவிக் என்று சட்டையில் பெயர்.
தரையில் ஒரு பொம்மை கிடந்தது,
இடுப்போடு முடிந்துபோன மனிதன்
வாயைத் திறந்தபடி.
இதயம் நின்றவனை என்ன செய்யலாம் என்பது பாடம்.

ஒன்றும் செய்ய முடியாது என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.

மண்டியிட்டேன். உள்ளங்கைமேல் உள்ளங்கை.
முழங்கையை மடக்காதே.
அழுத்து, இன்னும் அழுத்து,
எலும்பு முறிந்தால் முறியட்டும்,
முறிந்த எலும்போடு ஆள் பிழைப்பான்.
சத்தமாக எண்ணு.
மேடம் அரபியில் எண்ணினார்.
ஷஃபிகுல் வங்காளத்தில் பதினேழில் குழம்பினான்.
நான் ஒன்று, இரண்டு என்று தொடங்கி
முப்பது வந்தபோது
என் வியர்வை பொம்மையின் கன்னத்தில் விழுந்தது.
கீழிருந்து ஹம்தி கத்தினான்,
தக்காளி வந்து நிற்கிறது!

படியில் நின்று கேட்டேன்,
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்:
தூக்கத்தில் நின்றுபோனால்?
எத்தனை நிமிடத்துக்குள்?
மரிவிக் விரல்களைக் காட்டினார். நான்கு.
கொஞ்சம் யோசித்துக் கட்டைவிரலையும் நீட்டினார்.

ஏப்ரலில் எங்கள் அறையில் சவரிராயன்
நாலரை மணி அலாரத்துக்கு எழவில்லை.
கீழ்க்கட்டில் அவன், மேலே நான்.
அடித்துக்கொண்டே இருந்த அலாரத்துக்காக
நான்தான் அவனைத் திட்டினேன்.
பிறகு எட்டுப் பேர் சுற்றி நின்றோம்.
வேல்ச்சாமி தண்ணீர் தெளித்தான்.
அந்தோணிக்கனி பாதத்தைத் தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான்.
செய்யது கம்பெனிக்குப் போன் போட்டான்.
நெஞ்சை யாரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜலீப்.
மெஸ் காசில் வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பையை
தரையில் மல்லாக்கப் போட்டு
இதுதான் நெஞ்சு என்றேன்.
சிரித்தார்கள்.
தொப்பை மாமா என்று பெயர் வைத்தான் செய்யது.
மீசை வரைய பேனா தேடினான்.
ஒவ்வொருவராக மண்டியிட்டு
முப்பது வரை அழுத்தினார்கள்.
வேல்ச்சாமி இருபத்தைந்தில் இருமினான், சிகரெட்.

அந்தோணிக்கனி மட்டும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.
சவரியின் ஊர்க்காரன்.
பெட்டியோடு விமானத்தில் போய்
இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்தவன்.
கடைசியாக வந்தான்.
எண்ணவில்லை.
நாங்கள்தான் எண்ணினோம்,
முதலில் கேலியாக, அப்புறம் மெதுவாக.
முப்பது தாண்டியும் நிறுத்தவில்லை.
நாற்பத்திரண்டில் தையல் விட்டது.
அரிசி ஓடியது, சுவர்வரைக்கும்,
கீழ்க்கட்டிலின் அடியில் கிடந்த
புதுப் பையனின் செருப்புக்குள்ளும்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
துடைப்பம் ஒன்று, தாம்பாளம் இரண்டு,
எட்டுப் பேரும் தரையில் பரவிப் பொறுக்கினோம்.
செருப்புக்குள் விழுந்ததைத் தனியாக வைத்தோம், புறாவுக்கு.
மற்றதை மூன்று தண்ணீரில் களைந்து உலையில் போட்டோம்.
அந்தோணிக்கனிதான் வடித்தான்.
சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது.

மெஸ் நோட்டில் அந்த வாரம்
அரிசி ஒன்றரைக் கிலோ கூடுதல்.
எதற்கு என்ற கட்டத்தில்,
அன்றைக்கு என்ன நடந்ததென்று முழுக்கத் தெரியாத
புதுப் பையன் எழுதியிருக்கிறான்:
வகுப்பு.